ஆள் பாதி, ஆடை பாதி... அவதாரத்துக்கு? மெய்நிகர் ஃபேஷன் நிகழ்ச்சிகள் மனநலத்துக்கு உதவுமா?

உங்கள் தோழி வாட்ஸ்அப்பில் ஒரு சுவரொட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மனநல விழிப்புணர்வு மெய்நிகர் ஃபேஷன் ஷோ. சனிக்கிழமை இரவு 9 மணி. பச்சை ரிப்பன் அணிந்து வாங்க!"

மேடை உண்டு, இசை உண்டு, விளக்குகள் உண்டு. ஆனால் நடந்து வரப்போவது நீங்கள் இல்லை. திரையில் உங்களுக்காக நடமாடும் உருவம்தான் வரும், அதாவது உங்கள் அவதாரம். நீங்கள் வீட்டில் டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருக்கலாம்.

உடனே ஒரு கேள்வி வரும். பொம்மைக்குச் சட்டை மாட்டிவிட்டால் யாருடைய மனச்சோர்வு குறையும்?

நியாயமான கேள்விதான். இந்த நிகழ்ச்சிகள் எப்படி நடக்கின்றன, பணம் எங்கே போகிறது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, எங்கே உஷாராக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெய்நிகர் ஃபேஷன் நிகழ்ச்சி என்றால் என்ன?

மெய்நிகர் உலகம் என்பது பலர் ஒரே நேரத்தில் இணையம் வழி நுழைந்து, நடந்து, பேசி, பழகக்கூடிய முப்பரிமாண இடம். செகண்ட் லைஃப், ராப்லாக்ஸ், டிசென்ட்ராலேண்ட் ஆகியவை சில எடுத்துக்காட்டுகள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் வேண்டும். அதைத்தான் அவதாரம் என்கிறோம். சொல் நமக்குப் பழையது. கணினித் திரைக்கு அது வந்தது 1980களில். லூக்காஸ்ஃபில்ம் நிறுவனம் 1986-இல் சோதனைக்கு விட்ட 'ஹேபிடட்' என்ற விளையாட்டில் பயனாளரின் திரை உருவத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள்.

அவதாரத்துக்கு உடை, முடி, செருப்பு, நகை எல்லாமே தனித்தனியாக வடிவமைத்து விற்கப்படும் டிஜிட்டல் பொருள்கள். அவற்றை வைத்து நடக்கும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, அவதாரங்கள் வரிசையாக நடந்து வரும் அணிவகுப்பு. இன்னொன்று, சில நாள்களோ சில வாரங்களோ நடக்கும் விற்பனைச் சந்தை. நோக்கம் மனநல விழிப்புணர்வு என்றால் அவற்றோடு உரைகள், அனுபவப் பகிர்வு, நிதி திரட்டு ஆகியவையும் சேரும்.

அக்டோபர் 10-ஆம் தேதி உலக மனநல தினம். 1992 முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. அமெரிக்காவில் மே மாதம் முழுவதும் மனநல விழிப்புணர்வு மாதம். அது 1949-இல் தொடங்கியது. சுவரொட்டியில் உள்ள பச்சை ரிப்பன், மனநல விழிப்புணர்வுக்குப் பல நாடுகளில் பயன்படும் சின்னம்.

இது எங்கே தொடங்கியது?

'மெட்டாவெர்ஸ்' என்ற சொல் 2021-இல் ஃபேஸ்புக் தன் நிறுவனப் பெயரை 'மெட்டா' என்று மாற்றியபோதுதான் பலரின் காதில் விழுந்தது. ஆனால் இந்தப் பழக்கம் அதைவிட மூத்தது.

செகண்ட் லைஃப் 2003 ஜூன் மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் அதை உருவாக்கியது. அங்கே இருக்கும் வீடு, மரம், சட்டை என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் பயனாளர்களே செய்கிறார்கள், செய்து விற்கிறார்கள். அவதாரத்தை அழகாக்கும் பொருள்களுக்கு அங்கே எப்போதும் கிராக்கி. அதனால் உடை வடிவமைப்பாளர்கள், கடைகள், மாடல்கள், ஃபேஷன் பற்றி எழுதுவோர் என்று தனி வட்டமே உருவானது.

அந்த வட்டம் நல்ல காரியத்துக்கும் திரண்டது. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்துக்காக நிதி திரட்டும் 'ரிலே ஃபார் லைஃப்' 2005 முதல் செகண்ட் லைஃபிலும் நடந்து வருகிறது. அதன் ஒரு பகுதியாக 'ஃபேஷன் ஃபார் லைஃப்' என்ற ஆடைச் சந்தையும் நடந்தது. மனநலத்துக்காக ஆடை நிகழ்ச்சி நடத்துவோர் பின்பற்றுவதும் ஏறக்குறைய இதே வழிதான்.

அதே உலகில் மாற்றுத்திறனாளிகளுக்கும் நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கும் ஆதரவு தரும் 'விர்ச்சுவல் எபிலிட்டி' என்ற லாப நோக்கற்ற அமைப்பு, மனநலக் கருத்தரங்குகளையும் நடத்தி வந்திருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத ஒருவர், அங்கே அரங்கில் உட்கார்ந்து கேள்வி கேட்க முடிகிறது.

பெரிய பிராண்டுகள் வந்தது பிறகுதான். 2020-இல் கோவிட் காரணமாக மேடைகள் மூடப்பட்டபோது, 'அனிமல் கிராசிங்' விளையாட்டுக்குள் ஆடை அணிவகுப்பு நடத்தினார்கள். 2022 மார்ச் மாதம் டிசென்ட்ராலேண்டில் நான்கு நாள் 'மெட்டாவெர்ஸ் ஃபேஷன் வீக்' நடந்தது. டோல்சே அண்ட் கபானா, டாமி ஹில்ஃபிகர் போன்ற பெயர்கள் அதில் இருந்தன. அதே ஆண்டு, யோகா உடைகள் விற்கும் 'ஆலோ' நிறுவனம் ராப்லாக்ஸில் ஒரு தியான இடத்தைத் திறந்தது. அங்கே தியானம் செய்தால் அவதாரத்துக்கு உடை பரிசு! ஆடை, மனநலம், வியாபாரம் மூன்றும் ஒரே இடத்தில் கலந்துவிட்டதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பணம் எப்படிக் கைமாறுகிறது?

செகண்ட் லைஃபையே எடுத்துக்கொள்வோம். அங்கே புழங்குவது லிண்டன் டாலர். சுமார் 250 லிண்டன் டாலர் கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர். மதிப்பு கொஞ்சம் ஏறும், இறங்கும்.

நிதி திரட்டும் சந்தையில் ஒரு வடிவமைப்பாளர், அந்த நிகழ்ச்சிக்கென்றே ஓர் உடையைச் செய்து தருவார். சில நேரம் விற்ற தொகை முழுவதும் நன்கொடைக்குப் போகும்; சில நேரம் ஒரு பங்கு மட்டும். பக்கத்திலேயே நன்கொடைப் பெட்டியும் இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் லிண்டன் டாலரை உண்மையான பணமாக மாற்றி அமைப்புக்கு அனுப்புவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உடை 250 லிண்டன் டாலர், முழுத்தொகையும் நன்கொடை என்றால்கூட, 1,000 அமெரிக்க டாலர் சேர 1,000 உடைகள் விற்க வேண்டும். பாதித் தொகைதான் நன்கொடை என்றால் 2,000 உடைகள். நிறைய பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால்தான் இது நடக்கும். அதனால்தான் கூட்டம் முக்கியம். கூட்டத்தைக் கூட்டுவது ஆடை.

கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. பணம் நேராக அமைப்பின் கணக்குக்குப் போகிறதா, அல்லது யாரோ ஒருவரின் அவதாரத்துக்குப் போய், அவர் பிறகு அனுப்புகிறாரா? இரண்டாவது வழி என்றால், நிகழ்ச்சி முடிந்தபின் கணக்கு காட்டப்பட வேண்டும்.

சரி, ஏன் ஆடை?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நேர்முகத் தேர்வுக்கு இஸ்திரி போட்ட சட்டை அணிந்தால் நடையே மாறும். அவதாரத்துக்கும் அப்படி உண்டா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் இதைச் சோதித்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கவர்ச்சியான முகம் கொண்ட அவதாரம் கிடைத்தவர்கள், எதிரில் இருந்தவரிடம் இன்னும் நெருங்கிப் போய் நின்றார்கள்; தங்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசினார்கள். உயரமான அவதாரம் கிடைத்தவர்கள், பணத்தைப் பங்கு போடும் பேரத்தில் அதிகத் துணிச்சல் காட்டினார்கள். திரையில் இருக்கும் உருவம், அதை இயக்கும் மனிதரின் நடத்தையை மாற்றுகிறது. இதற்கு 'புரோட்டியஸ் விளைவு' என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு விஷயம், முகம் தெரியாமல் இருப்பது. உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை விளக்குகிறது. இணையத்தில் நாம் யார் என்று தெரியாதபோது, நேரில் பேசத் தயங்குவதையும் பேசிவிடுகிறோம். அதற்கு இரண்டு முகங்கள் உண்டு என்கிறார் அவர். ஒருவர் மனசு விட்டுத் தன் வேதனையைச் சொல்லலாம். இன்னொருவர் அதே துணிச்சலில் கேலியும் வசையும் கொட்டலாம்.

இதை நம் சூழலில் வைத்துப் பாருங்கள். "எனக்கு மனசு சரியில்ல" என்று வீட்டில் சொல்ல முடியாமல் இருக்கும் இளையர் எத்தனை பேர்? சொன்னால் "எல்லாம் போனால வந்தது", "நல்லா தூங்கினா சரியாயிடும்", "வெளிய சொல்லாத, நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று பதில் வரும். அந்த நாலு பேர் இல்லாத ஓர் இடத்தில், வேறொரு முகத்தோடு, முதல்முறையாக வாய் திறப்பது சிலருக்கு எளிது. மெய்நிகர் நிகழ்ச்சிகளின் உண்மையான பலம் இங்கேதான்.

விழிப்புணர்வு உண்மையிலேயே வருமா?

மனநோய் பற்றிய தவறான எண்ணத்தையும் ஒதுக்கும் போக்கையும் எது மாற்றும் என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். பேட்ரிக் காரிகனும் அவரது குழுவினரும் 2012-இல் 72 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசினார்கள். 14 நாடுகள், 38,000-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள்.

அதில் தெரியவந்தவை:

• பெரியவர்களிடம் அதிகம் வேலை செய்தது நேரடித் தொடர்பு. மனநலப் பாதிப்பிலிருந்து மீண்டவரை அல்லது அதோடு வாழ்பவரைச் சந்தித்து, அவர் கதையை அவர் வாயாலேயே கேட்பது.

• பதின்ம வயதினரிடம் நிலைமை வேறு. அவர்களுக்கு, தவறான நம்பிக்கைகளைச் சரியான தகவலால் திருத்தும் கல்வி கூடுதல் பலன் தந்தது.

• காணொளியில் பார்ப்பதைவிட நேருக்கு நேர் சந்திப்பது பலமாக இருந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2022-இல், லேன்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையமும் ஏறக்குறைய இதையே வலியுறுத்தியது. ஒதுக்கிவைக்கும் போக்கைக் குறைப்பதில் சமூகத் தொடர்புக்கு ஈடு இல்லை. பாதிக்கப்பட்டவர்களே முன்னின்று நடத்த வேண்டும் என்றது.

அப்படியென்றால் மெய்நிகர் மேடை எங்கே நிற்கிறது? காணொளி போல அது பதிவு செய்யப்பட்டது இல்லை. நீங்கள் கேட்டால் உடனே பதில் வரும். ஆனால் நேரில் பார்க்கும் முகமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்று சொல்லலாம்.

இதிலிருந்து ஒன்று மட்டும் தெளிவு. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பலன் தரக்கூடிய பகுதி, பச்சை ரிப்பனும் பளபளக்கும் கவுனும் இல்லை. ஒருவர் நின்று "எனக்கு இப்படி ஆனது, இப்படி உதவி தேடினேன், இப்போது இப்படி இருக்கிறேன்" என்று சொல்லும் அந்தப் பத்து நிமிடம்தான். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றால், நீங்கள் போகப்போவது வெறும் ஃபேஷன் ஷோவுக்கு. அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு மனநல நிகழ்ச்சி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

அவதாரமே மருந்தாகுமா?

"நான் விளையாடினாலே ரிலாக்ஸ் ஆயிடுவேன்" என்று நீங்கள் சொல்லலாம். அந்த நேரத்துக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆய்வுகள் கொஞ்சம் நிதானமாகப் பேசுகின்றன.

ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் 'அனிமல் கிராசிங்' உள்ளிட்ட இரண்டு விளையாட்டுகளை ஆடிய 3,274 பேரை ஆராய்ந்தார்கள். அதிக நேரம் ஆடியவர்களின் மனநலன் சற்று மேலாக இருந்தது. செய்தி உலகமெங்கும் பரவியது. 2022-இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 39,000 பேரை, ஏழு விளையாட்டுகளில், கால இடைவெளி விட்டு ஆராய்ந்தார்கள். விளையாடும் நேரம் மனநலனைக் கூட்டியதாகவோ குறைத்ததாகவோ சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

அவதாரத்தை உண்மையிலேயே சிகிச்சையாகப் பயன்படுத்தும் முறை ஒன்றும் உண்டு. காதில் குரல்கள் கேட்டு அவதிப்படுவோருக்காக பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப் உருவாக்கியது அது. குரலுக்கு ஒரு முகம் கொடுத்து, திரையில் அந்த அவதாரத்தோடு நோயாளி பேசுவார். குரல் படிப்படியாகத் தன் பிடியைத் தளர்த்தும். 150 பேரிடம் நடந்த சோதனையில், 12 வாரத்தில் ஆதரவு ஆலோசனையைவிட அது நல்ல பலன் தந்ததாக 2017-இல் அறிவித்தார்கள்.

ஆனால் அங்கே அவதாரத்துக்குக் குரல் கொடுப்பது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர். நேரம், அளவு, நோக்கம் எல்லாம் திட்டமிடப்பட்டவை. சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை.

எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

முதலாவது, உடல். மெய்நிகர் கடைகளில் கண்ணில் படும் அவதாரங்களைப் பாருங்கள். ஒல்லி இடை, நீண்ட கால், பரு இல்லாத தோல். சிங்கப்பூர் மனநலக் கழகம் 2024-இல் வெளியிட்ட இளையர் மனநல ஆய்வு, கடும் மனவுளைச்சலோடு தொடர்புடைய அம்சங்களில் மூன்றைச் சுட்டியது: அளவுக்கு மீறிய சமூக ஊடகப் பயன்பாடு, இணையத் துன்புறுத்தல், தன் உடலமைப்பு பற்றிய கவலை. மனநலத்துக்காக நடக்கும் மேடையில் ஒரே அச்சில் வார்த்த உடல்கள் மட்டும் நடந்து வந்தால், அது அந்த மூன்றாவது கவலைக்குத் தூபம் போடுகிறது. பல அளவு உடல்கள், பல தோல் நிறங்கள், சக்கர நாற்காலி, தாலி, தலைப்பாகை, முக்காடு என்று மேடை நம் பேருந்து நிறுத்தம் போல இருந்தால் நல்லது.

இரண்டாவது, காசு. ஃபோர்ட்நைட் ஆடும் பிள்ளைகளிடம் கேளுங்கள். காசு கொடுத்து உடை வாங்காமல், விளையாட்டு இலவசமாகக் கொடுத்த உருவத்தோடு வருபவரை 'டிஃபால்ட்' என்று கிண்டல் செய்வது அங்கே பழக்கம். 2021-இல் ராப்லாக்ஸில் குச்சி நிறுவனத்தின் டிஜிட்டல் கைப்பை ஒன்று மறுவிற்பனையில் 4,000 அமெரிக்க டாலருக்கும் அதிக மதிப்புக்குப் போனது. கடையில் விற்கும் அசல் பையைவிட அது விலை அதிகம்! மனநலத்தின் பெயரால் நடக்கும் நிகழ்ச்சியில், உடை வாங்காதவர் ஓரமாக நிற்க வேண்டிய நிலை வரக்கூடாது.

மூன்றாவது, அதுதான் மிக முக்கியம்: யாராவது உடைந்து பேசினால் என்ன நடக்கும்? மேடையில் ஒருவர் தன் கதையைச் சொன்னதும், கேட்பவர்களில் ஒருவர் உரையாடல் பெட்டியில் "எனக்கும் அப்படித்தான், இனி முடியல" என்று எழுதலாம். அவர் யார், எந்த நாடு, எந்த வீடு என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஏற்பாட்டாளர் அமெரிக்காவில் இருக்கலாம், எழுதியவர் ஈசூனில் இருக்கலாம். முகம் தெரியாததால் வாய் திறந்தவரை, முகம் தெரியாத காரணத்தாலேயே கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். இதற்குத் தயாராக இல்லாத நிகழ்ச்சி, கதவைத் திறந்துவிட்டு உள்ளே விளக்கு போடாத வீடு மாதிரி.

சிங்கப்பூரில் இது ஏன் முக்கியம்?

மனநலக் கழகத்தின் 2016 ஆய்வின்படி, சிங்கப்பூரில் ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் போன்றவை சார்ந்த கோளாறு வந்திருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்த நிபுணரிடமும் போகவில்லை.

2024-இல் வெளியான இளையர் ஆய்வில், 15 முதல் 35 வயதுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர், மனச்சோர்வு, பதற்றம் அல்லது மனவுளைச்சலின் கடுமையான அல்லது மிகக் கடுமையான அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னார்கள்.

இதற்கிடையே நிறைய மாறியிருக்கிறது. 2020 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றம் இல்லை. 2023-இல் தேசிய மனநல, நல்வாழ்வு உத்தி அறிவிக்கப்பட்டது. 2025 ஜூன் மாதம் 24 மணி நேரமும் இயங்கும் 1771 என்ற தேசிய உதவி எண் வந்தது.

ஆக, மனநலம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் நம்மிடையே இப்போது குறைவு. சுவரொட்டிகள் இருக்கின்றன, காணொளிகள் இருக்கின்றன. குறைவாக இருப்பது, தெரிந்துகொண்டதற்கும் உதவி தேடிப் போவதற்கும் நடுவில் உள்ள அந்த ஓர் அடி. ஒரு மெய்நிகர் நிகழ்ச்சியின் தரத்தை அதை வைத்தே அளக்கலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்பது முதல் கணக்கு. வந்தவர்களில் ஒருவராவது, அடுத்த நாள் ஒரு நிஜ மனிதரிடம் பேசினாரா என்பது முக்கியமான கணக்கு.

போவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. யாருக்காக? அமைப்பின் பெயர் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? அந்த அமைப்பின் இணையப்பக்கத்தில் இந்த நிகழ்ச்சி பற்றி ஏதாவது இருக்கிறதா? "மனநலத்துக்காக" என்று மட்டும் போட்டிருந்தால் காசு கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

2. எத்தனை பங்கு? விற்பனையில் எவ்வளவு நன்கொடைக்குப் போகிறது? "ஒரு பகுதி" என்றால் எந்தப் பகுதி?

3. யார் பேசுகிறார்கள்? மனநலப் பாதிப்பை அனுபவித்த ஒருவரோ பயிற்சி பெற்ற ஒருவரோ நிரலில் இருக்கிறாரா?

4. உரையாடல் பெட்டியை யார் கவனிக்கிறார்கள்? கேலி செய்பவரை வெளியேற்ற ஆள் உண்டா? யாராவது நெருக்கடியில் இருந்தால் எந்த எண்ணைக் கொடுப்பார்கள்? பல நாட்டவர் வரும் நிகழ்ச்சி என்றால் அந்தந்த நாட்டு எண்கள் வேண்டும்.

5. வாங்காமல் வரலாமா? இலவச உடை, குறைந்தது ஓர் இலவச ரிப்பனாவது இருக்கிறதா?

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ நீங்களே இப்படி ஒன்றை நடத்த நினைத்தால், இதே ஐந்துக்கும் முதலில் பதில் எழுதி வையுங்கள். உங்கள் கல்லூரி ஆலோசகரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மேடை வடிவமைப்பு பிறகு. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு என்றால் உருக்கமான கதைகளை மட்டும் நம்ப வேண்டாம்; 'மனச்சோர்வு என்பது சோம்பல்' போன்ற தவறான நம்பிக்கைகளை எடுத்துப்போட்டு உடைக்கும் எளிய தகவலும் வேண்டும். கதை சொல்ல வருபவர், எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளட்டும். தற்கொலை பற்றிப் பேச நேர்ந்தால் முறையை விவரிக்கவே கூடாது.

யாராவது "முடியல" என்று எழுதினால்?

நீங்கள் நிபுணர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அங்கே இருப்பது நீங்கள்தான். செய்யக்கூடியவை எளியவை.

• பொதுப் பெட்டியில் நீட்டிக்கொண்டே போகாமல் தனியாகச் செய்தி அனுப்புங்கள். "நீங்க எழுதினதைப் பார்த்தேன். இப்போ பேசலாமா?" இவ்வளவு போதும்.

• அறிவுரை கொட்ட வேண்டாம். கேளுங்கள்.

• கவலையாக இருந்தால், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறான நம்பிக்கை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

• எந்த நாட்டில் இருக்கிறார், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். சிங்கப்பூர் என்றால் கீழே உள்ள எண்களைக் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 995.

• ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாத" என்று அவர் கேட்டாலும், உயிர் சம்பந்தப்பட்டதில் ரகசியம் காக்கும் வாக்கு கொடுக்காதீர்கள்.

• மறுநாள் ஒரு வரி. "எப்படி இருக்கீங்க?" அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

அந்தப் பெட்டியில் எழுத நினைப்பவர் நீங்களே என்றால்? எழுதுங்கள். முகம் மறைத்துச் சொன்னாலும் அது சொன்னதுதான். அதற்கே தைரியம் வேண்டும். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். திரையில் சொல்ல முடிந்ததை அடுத்து ஓர் ஆளிடம் சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோ முடியாது என்றால் அக்கா, மாமா, ஆசிரியர், நண்பர் என்று யாராவது ஒருவர். பேச்சு வரவில்லை என்றால், அவதாரத்தில் நீங்கள் எழுதியதையே அவர்களிடம் காட்டலாம். அதுவும் இல்லையா? கீழே உள்ள எண்களில் இருப்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள்தான். கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் போகலாமா? தாராளமாகப் போங்கள். பிடித்த உடையை மாட்டுங்கள், ஆடுங்கள், அவர்கள் கதையைக் கேளுங்கள். வெளியேறும் முன் உங்கள் தோழியிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சுவரொட்டியை உங்களுக்கு அனுப்பியதற்கு அவருக்கும் ஒரு காரணம் இருக்கலாம்.

உதவி தேவையா?

தேசிய மனநல உதவி எண்: 1771 (24 மணி நேரம்)

சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767 (24 மணி நேரம்), வாட்ஸ்அப் வழி எழுத 9151 1767

மனநலக் கழக உதவி எண்: 6389 2222 (24 மணி நேரம்)

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 995